புகை விதியை வாடகைக் கணக்கில் சேர்ப்பது எப்படி? பிஎஸ்-6 லாரி வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு ஜவ்வரிசி லோடோடு டெல்லிக்குக் கிளம்பிய எங்கள் வண்டி, நாக்பூர் தாண்டி சிவனி போகும் வழியில் இழுக்க மறுத்தது. டிரைவர் டீ குடிக்க நிறுத்திவிட்டு மறுபடி எடுத்திருக்கிறார். அடுத்த நிமிடம் போன் வந்தது. "அண்ணா, ஆக்சிலேட்டரை அடியோட மிதிச்சாலும் இருபதுக்கு மேல போக மாட்டேங்குதுங்க. போர்டுல எல்லா லைட்டும் எரியுது." விசாரித்தால், கர்னூல் பக்கம் சாலையோரக் கடையில் விலை குறைவாகக் கிடைத்தது என்று ஒரு கேன் யூரியா (புகையைச் சுத்தம் செய்ய பிஎஸ்-6 வண்டியில் தனி டேங்கில் ஊற்றும் கரைசல்) வாங்கி ஊற்றியிருக்கிறார். ஹைதராபாத் தாண்டியதில் இருந்தே மஞ்சள் லைட் எரிந்திருக்கிறது. எஞ்சினில் சத்தம் இல்லை, சூடும் ஏறவில்லை, அதனால் அவரும் கவலைப்படவில்லை.

மெக்கானிக் சைலன்சர் பக்கம் இருக்கும் யூரியா நாசிலைக் கழற்றி போட்டோ அனுப்பினார். துளையே தெரியாமல், கல் உப்பை அள்ளி அப்பியது போல வெள்ளையாக உறைந்து கிடந்தது. டேங்கை வடித்து, லைனைக் கழுவி, நாசிலை மாற்றி வண்டி கிளம்ப மூன்று நாள் ஆனது. தாமதத்துக்கு லோடு கொடுத்த பார்ட்டி வாடகையில் பிடித்துக்கொண்டார். அந்த டிரிப்பில் கையில் ஒன்றும் நிற்கவில்லை.

டிரைவர் மேல் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருடம் லாரி ஓட்டிய மனிதருக்கு, புகைக்குழாயில் வரும் கோளாறு வண்டியை நிறுத்தும் என்று நாங்கள் யாருமே உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. புகை விதி என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் சமாச்சாரம், வருடத்துக்கு ஒரு தடவை சர்ட்டிபிகேட் வாங்கினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இன்று டீசல், டோல், பேட்டா போல அதுவும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் உட்கார்ந்திருக்கும் செலவு. அதைக் கணக்கில் எடுப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆர்.சி.யில் பாருங்கள், அல்லது எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாரத் ஸ்டேஜ், சுருக்கமாக பிஎஸ், எத்தனை என்று இருக்கும். வண்டி எவ்வளவு புகை விடலாம் என்று அரசு வைத்த வரம்பின் படிதான் அது. கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரிலும் தெரியும். டீசலுக்கு ஆரஞ்சு நிறம், பிஎஸ்-6 என்றால் அதன் மேலே ஒரு பச்சைப் பட்டை.

நாடு முழுக்க பிஎஸ்-4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 முதல். அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 29-ல், பிஎஸ்-3 வண்டிகளை அந்த ஏப்ரல் 1 முதல் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், ஷோரூம்களில் தள்ளுபடி போட்டு வண்டியைத் தள்ளிவிட்டது பலருக்கும் நினைவிருக்கும். பிறகு பிஎஸ்-5 என்ற படியையே தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் நேராக பிஎஸ்-6. 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் மட்டும் பாஸ் ஆனால் போதாது, சாலையில் ஓடும்போதும் புகை அளவுக்குள் இருக்க வேண்டும், வண்டியே தன்னைக் கண்காணித்துக் கோளாறைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்தக் கட்டம்.

இந்தத் தாவல் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. எஞ்சின் ஒரு யூனிட் வேலை செய்ய, பிஎஸ்-4 கனரக வண்டி 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம். பிஎஸ்-6 வண்டிக்கு அனுமதி 0.46 கிராம். ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. கரித்தூளின் எடைக்கு வரம்பு இறுகியதோடு, எத்தனை துகள் வருகிறது என்ற எண்ணிக்கைக்கும் வரம்பு வந்துவிட்டது. எஞ்சினை மட்டும் சீர்செய்து இந்த அளவுக்கு இறங்க முடியாது. அதனால்தான் எஞ்சினுக்குப் பின்னால், சைலன்சர் இருந்த இடத்தில், ஒரு சின்ன ரசாயனத் தொழிற்சாலையே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாம் படி: அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது

எஞ்சினில் இருந்து வரும் புகை முதலில் ஒரு வினையூக்கியைத் தாண்டி, டி.பி.எஃப். என்ற வடிகட்டிக்குள் போகும். தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி அது. கரி அதில் தங்கும். அதற்குப் பிறகு யூரியா கரைசல் பீய்ச்சப்படும். சூட்டில் அது அமோனியாவாக மாறி, அடுத்த பெட்டியில் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து, நைட்ரஜனும் நீராவியுமாக வெளியே போகும். முன்னும் பின்னும் நாக்ஸ் சென்சார்கள் நைட்ரஜன் ஆக்சைடை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பீய்ச்சியும் நைட்ரஜன் ஆக்சைடு குறையவில்லை என்றால், ஊற்றியது யூரியா இல்லை என்று கம்ப்யூட்டர் முடிவுக்கு வரும். எங்கள் வண்டியில் நடந்தது அதுதான்.

எச்சரிக்கை படிப்படியாக வரும். முதலில் லைட். பிறகு எஞ்சின் இழுவை நான்கில் ஒரு பங்கு குறையும். லோடு வண்டி மேட்டில் திணறுவது இந்தக் கட்டத்தில்தான். அதையும் கவனிக்காமல் ஓட்டினால், ஒரு தடவை நிறுத்திவிட்டு எடுத்த பிறகு, மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஓடும்போது நடு ரோட்டில் சட்டென்று நின்று விபத்தாகக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே டிரைவரிடம் சொல்லி வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: லைட் எரிந்ததும் போன் செய்யுங்கள், வண்டி நன்றாக இழுத்தாலும் போன் செய்யுங்கள்.

மூன்றாம் படி: யூரியாவை வாங்குவது, வைப்பது, ஊற்றுவது

ஆட்ப்ளூ, டி.இ.எஃப்., யூரியா என்று மூன்று பெயரில் சொல்கிறோம். மூன்றும் ஒன்றுதான். 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மிச்சம் தாது நீக்கிய தண்ணீர். ஐ.எஸ்.ஓ. 22241 என்ற தரக்குறியீடு கேன் மேல் இருக்க வேண்டும். தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் இல்லாத கேனைத் தொடாதீர்கள்.

வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஆகாதா என்று எங்கள் ஊரில் இப்போதும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஆகாது. மானியத்தில் வரும் அந்த யூரியா 2015 முதல் முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும், அதில் இருக்கும் மற்ற கழிவுகளும், போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். படிந்தது படிந்ததுதான், கழுவி எடுக்க முடியாது. உழவருக்குப் போக வேண்டிய உரத்தை வேறு வேலைக்குத் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும் கூட.

நல்ல யூரியாவும் வெயிலில் கெடும். 30 டிகிரிக்குக் கீழே, நிழலில் வைத்தால் ஒரு வருடம் தாங்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் அடுக்கி வைத்தால் அமோனியா பிரிந்து தரம் இறங்கிவிடும். மொத்தமாக வாங்கினால் விலை குறைகிறதே என்று ஆறு மாதத்துக்குச் சேர்த்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் 32.5-க்கு அருகில் கோடு நிற்கிறதா என்று தெரியும். கரைசலின் அடர்த்தியை மட்டும்தான் அது காட்டும், அழுக்கைக் காட்டாது. ஆனாலும் தண்ணீர் கலந்த கேனை அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம்.

ஊற்றும் புனல், வாளி தனியாக இருக்கட்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் பாத்திரம் கூடாது, யூரியா அவற்றை அரித்து அந்த உலோகத்தையும் டேங்குக்குள் கொண்டுபோகும். நீல மூடி யூரியாவுக்கு. இரவில் தூக்கக் கலக்கத்தில் டீசல் டேங்கில் யூரியாவை ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. ஸ்டார்ட் செய்யாமல் டேங்கை வடித்தால் சிறு செலவோடு போகும். ஸ்டார்ட் செய்தால் பம்ப், இன்ஜெக்டர் என்று பெரும் செலவு.

காஷ்மீருக்கு ஆப்பிள் ஏற்றப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யூரியா மைனஸ் 11 டிகிரியில் உறையும். உறைந்தால் வண்டி கெடாது, டேங்கைச் சூடாக்கும் ஏற்பாடு வண்டியிலேயே இருக்கிறது. உறையாமல் இருக்கட்டும் என்று உப்போ, ஸ்பிரிட்டோ, கூலன்டோ கலக்காமல் இருந்தால் போதும்.

நான்காம் படி: டிரைவரின் கையில் இருக்கும் மூன்று பழக்கங்கள்

இந்தப் பகுதியை டிரைவரோடு உட்கார்ந்து படிக்கச் சொல்வேன்.

ஒன்று, பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச். எஞ்சினை அணைத்த பிறகும் யூரியா பம்ப் கொஞ்ச நேரம் 'உய்ங்' என்று ஓடும். லைனில் இருக்கும் யூரியாவைத் திருப்பி டேங்குக்கு இழுக்கும் வேலை அது. பழைய வண்டியில் பழகிய கை, சாவியை எடுத்த உடனே கட்-ஆஃப் சுவிட்சையும் திருப்பும். அப்படிச் செய்தால் யூரியா சூடான நாசிலிலேயே நின்று, தண்ணீர் ஆவியாகி, உப்பாக இறுகும். தினமும் ஒரு மெல்லிய படலம், ஆறு மாதத்தில் அடைப்பு. சத்தம் அடங்கிய பிறகு இரண்டு நிமிடம் பொறுத்து சுவிட்சைத் திருப்புங்கள்.

இரண்டு, ரீஜென். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்து வாயுவாக்கும் வேலை. ஹைவேயில் லோடோடு ஒரே சீராகப் போகும்போது புகையின் சூட்டிலேயே அது நடந்துவிடும். துறைமுகத்துக்கும் குடோனுக்கும் நடுவில் நின்று நின்று ஓடும் வண்டி, எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் ஏ.சி. போட்டு நிற்கும் வண்டி, கிரஷரில் ஓடும் டிப்பர் ஆகியவற்றில் அந்தச் சூடு ஏறாது. கரி சேரும், லைட் வரும், வண்டியை ஓரம் கட்டி ரீஜென் பட்டனை அழுத்தச் சொல்லும். வடிகட்டிக்குள் சூடு 600 டிகிரி வாக்கில் போகும். காய்ந்த புல், வைக்கோல், பஞ்சுப் பொதி, சருகு எதுவும் சைலன்சர் பக்கத்தில் இல்லாத தரையில் நிறுத்துங்கள். பெட்ரோல் பங்கில் கண்டிப்பாகக் கூடாது. கேஸ் டேங்கர் ஓட்டுபவர்கள் பிளான்ட் வாசலில் வரிசையில் நிற்கும்போது செய்யவே கூடாது. தங்கள் கம்பெனியின் பாதுகாப்பு விதியைக் கேட்டுத்தான் இடம் முடிவு செய்ய வேண்டும். ஆரம்பித்ததைப் பாதியில் அணைக்காதீர்கள். லைட் வந்த பிறகும் தள்ளிப்போட்டால் ஒரு கட்டத்தில் பட்டனும் வேலை செய்யாது, சர்வீஸ் சென்டரில் லேப்டாப் போட்டுத்தான் எரிக்க வேண்டிவரும்.

மூன்று, டீசலும் ஆயிலும். பிஎஸ்-3 காலத்து டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு கந்தகம் இருக்கலாம். பிஎஸ்-4-ல் 50. இப்போது 10. வினையூக்கி பிழைத்திருப்பதே இந்தக் குறைந்த கந்தகத்தால்தான். பயோடீசல் என்ற பெயரில் சாலையோரத்தில் லிட்டருக்குப் பத்து, பதினைந்து ரூபாய் குறைத்து விற்கும் எண்ணெயை ஊற்றினால் மிச்சப்பட்டதைப் போல் பல மடங்கு இன்ஜெக்டரும் வடிகட்டியும் கேட்கும். எஞ்சின் ஆயிலிலும் அதே கதை. சாம்பல் குறைவான ஆயிலை, கம்பெனி புத்தகத்தில் சொன்ன ரகத்தைப் பார்த்துப் போடுங்கள். கரியை எரிக்கலாம், ஆயில் விட்டுப்போகும் சாம்பலை எரிக்க முடியாது. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தால்தான் அது போகும்.

ஐந்தாம் படி: டிரிப் கணக்கு

நாமக்கல்லில் இருந்து டெல்லிக்குச் சுமார் 2,400 கிலோமீட்டர். 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகவே போகிறது. லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் டீசல் 600 லிட்டர். யூரியா, டீசலில் 4 முதல் 5 சதவீதம் என்று வைத்தால் 24 முதல் 30 லிட்டர். லிட்டர் 60 ரூபாய் என்று எடுத்துக்கொண்டாலும் ஒரு வழிக்கு 1,800 ரூபாய் வரை. பெரிய தொகை இல்லைதான். இந்தச் சதவீதத்தைக் கண்காணிப்பதில்தான் பலன் இருக்கிறது. டிரிப் நோட்டில் டீசலுக்குப் பக்கத்தில் யூரியாவுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். வழக்கமாக 5 சதவீதம் குடிக்கும் வண்டி திடீரென்று 2 சதவீதம் குடித்தால் நாசில் அடைக்கிறது, அல்லது யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். 8 சதவீதம் ஆனால் லைன் கசிகிறது, அல்லது கேன் வேறு எங்கோ இறங்குகிறது. லைட் எரியும் முன்பே நோட்டு சொல்லிவிடும்.

பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. நாக்ஸ் சென்சார், யூரியா பம்ப், நாசில், வடிகட்டி சுத்தம். வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கிலோமீட்டருக்குப் பிரித்து எடுத்து வையுங்கள். வண்டி வாங்கும்போதே இந்தப் பாகங்கள் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் "எல்லாம் அடக்கம் சார்" என்பார்கள். பழுது வரும்போது, யூரியா தரம் சரியில்லை, உங்கள் தப்பு என்ற வரியைக் காட்டுவார்கள். கேன் வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் அங்கே வாதாட முடியும்.

இந்தச் செலவை எல்லாம் சேர்த்து வாடகை பேசுகிறோமா? புக்கிங் ஆபீசில் இன்னமும் டீசல் விலையை மட்டும் வைத்துத்தான் பேச்சு நடக்கிறது. பிஎஸ்-6 வண்டிதான் வேண்டும் என்று கேட்கும் பார்ட்டிகள் இப்போது வருகிறார்கள். அப்படிக் கேட்கும்போது அதற்கான வாடகையையும் கேட்பது நம் உரிமை.

ஆறாம் படி: டெல்லி பக்கம் போகும் முன்

சென்னைக்கு ஒரு விதி, டெல்லிக்கு ஒரு விதி. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியிலும் சுற்றுப் பகுதியிலும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. 2025-லும் இதில் நீதிமன்ற உத்தரவுகள் வந்தன. நமக்கு இன்னும் நேரடியானது வேறு ஒன்று. 2025 நவம்பர் 1 முதல், டெல்லி பதிவு இல்லாத சரக்கு வண்டிகளில் பிஎஸ்-6, சி.என்.ஜி., எல்.என்.ஜி., மின்சார வண்டிகளுக்குத்தான் உள்ளே அனுமதி. பிஎஸ்-4 வண்டிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். பிஎஸ்-3 வண்டிக்கு அதுவும் இல்லை.

இது தவிர குளிர்காலத்தில் காற்று மோசமாகும்போது கட்டுப்பாடு படிப்படியாக இறுகும். காற்றுத் தரக் குறியீடு 450-ஐத் தாண்டி நான்காம் கட்டம் அமலானால், அத்தியாவசியப் பொருள் ஏற்றாத பழைய வண்டிகள் எல்லையிலேயே நிற்க வேண்டியதுதான். அந்த நாளிலும் பிஎஸ்-6 வண்டிக்கு வழி இருக்கும். சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் என்று ஒன்றும் உண்டு. டெல்லிக்குள் நுழையும் சரக்கு வண்டிக்கு, அதன் அளவைப் பொறுத்து, 2015 அக்டோபரில் 700, 1,300 ரூபாயாக ஆரம்பித்து அதே டிசம்பரில் 1,400, 2,600 என்று இரட்டிப்பானது. அன்றைய தொகையையும் அன்றைய கட்டத்தையும் கேட்டுவிட்டே வாடகை பேசுங்கள். டெல்லியில் இறக்கம் இல்லாமல் பஞ்சாபுக்கோ ஜம்முவுக்கோ தாண்டிப் போகும் வண்டி, பல்வலில் இருந்து குண்ட்லி வரை போகும் புறவழி விரைவுச்சாலையைப் பிடித்தால் நகருக்குள் நுழையவே வேண்டாம்.

ஏழாம் படி: பி.யூ.சி.யும் குறுக்கு வழியும்

பிஎஸ்-6 வண்டிக்குப் புகைச் சான்று தேவையில்லை என்று ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. புது வண்டிக்கு முதல் வருடம் மட்டும் விலக்கு, பிறகு வருடா வருடம் எடுக்க வேண்டும். புகை விதியை மீறி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்சும் மூன்று மாதம் முடங்கும். முடங்குவது டிரைவரின் லைசென்ஸ், அதாவது அவர் வீட்டு அடுப்பு. காகிதத்தைச் சரியாக வைத்துத் தருவது ஓனரின் கடமை.

சில பட்டறைகளில் "யூரியா கட் பண்ணித் தர்றோம்" என்பார்கள். ஒரு சின்ன டப்பாவை ஒயரில் சொருகி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்ப வைப்பார்கள். வேண்டாம். வாரன்டி போகும், வண்டியில் அனுமதி இல்லாத மாற்றம் செய்ததற்கு ஓனர் மேல் தனி வழக்கும் வரும். பீய்ச்சாமல் விட்ட பம்ப் உள்ளேயே உறைந்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்ப நினைத்தாலும் மொத்தமும் மாற்ற வேண்டியிருக்கும். பழைய பிஎஸ்-6 வண்டி வாங்குபவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்கேனர் போட்டு நாக்ஸ் சென்சாரின் அளவு வண்டி ஓடும்போது ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். யூரியா டேங்கின் அளவைக் குறித்துக்கொண்டு 100 கிலோமீட்டர் லோடோடு ஓட்டுங்கள். அளவு அசையவே இல்லை என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புகையை அதிகம் குடிப்பது யார்? லாரி ஸ்டாண்டில் பக்கத்து வண்டி எஞ்சின் ஓட, கேபினில் படுத்துத் தூங்கும் நம் டிரைவரும், வண்டிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் அடிக்கும் கிளீனரும்தான். அந்த டப்பாவை நான் மறுக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

எட்டாம் படி: பழைய வண்டியை என்ன செய்வது

உடனே விற்க வேண்டும் என்று பதற வேண்டாம். நேஷனல் பர்மிட் சாதாரண லாரிக்கு 12 வருடம் வரை, மல்டி ஆக்சிலுக்கு 15 வருடம் வரை. அதற்குள் இருக்கும் பிஎஸ்-4 வண்டிக்குத் தெற்கில் வேலை இருக்கிறது. 15 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) கட்டணம் 2022 ஏப்ரலில் 12,500 ரூபாயாக ஏறியது, அதன் பிறகும் திருத்தியிருக்கிறார்கள். எஃப்.சி., டிங்கரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து அந்த வண்டி வருடத்துக்கு எத்தனை டிரிப் அடித்தால் கட்டும் என்று எழுதிப் பாருங்கள். புது வண்டியின் மாத டியூவையும் பக்கத்தில் எழுதுங்கள். டியூ கட்டுகிற அளவுக்கு வடக்கு லோடு கையில் நிச்சயமாக இல்லை என்றால், பழையதையே நன்றாகப் பராமரித்து ஓட்டுவதுதான் என் கருத்து.

எங்கள் பிஎஸ்-4 வண்டியை டெல்லி லைனில் இருந்து எடுத்து தூத்துக்குடி-பெங்களூரு லைனில் விட்டிருக்கிறோம். வடக்கே போவது பிஎஸ்-6 மட்டும். அதன் கேபினில் இப்போது சீல் பிரிக்காத இரண்டு கேன், ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா சர்வீஸ் சென்டர்களின் எண்களை எழுதி ஒட்டிய அட்டை, எல்லாம் இருக்கிறது. அட்டையின் கடைசி வரியைச் சிவனியில் மாட்டிக்கொண்ட அதே டிரைவர்தான் தன் கையால் எழுதி வைத்தார்: "மஞ்ச லைட் வந்தா வண்டியை ஓரங்கட்டு, அண்ணனுக்குப் போன் போடு."